கொடுத்த வரிச்சலுகையை அரசு திரும்பக் கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஆப்பிள் நிறுவனத்திடம் அயர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டபடி, பழைய வரியை வசூலித்தது சரிதான் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பலவும் கோபமானவை. கோபத்திலும் நியாயம் இருக்கிறது என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஒரு அரசாங்கம் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு, 'நீ இவ்வளவு வரி கட்டினால் போதும்' என்று எழுத்தில் கொடுக்கிறது. கம்பெனி அதை நம்பி ஆள் எடுக்கிறது, சொன்ன வரியைக் கட்டுகிறது. பல வருடம் கழித்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு அலுவலகம், 'அது செல்லாது, பழைய பாக்கியை வட்டியோடு கட்டு' என்றால் எந்த ஊர் நியாயம்? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இதில் நியாயம் பேச முடியாது.

ஆப்பிள் 1980-ல் அயர்லாந்தின் தெற்கே கார்க் நகரத்தில் தொழிற்சாலை தொடங்கியது. சில வருடங்களில் அதே ஊரில் டன்லப் ஆலை மூடப்பட்டது, அடுத்து ஃபோர்டு கார் ஆலையும் மூடப்பட்டது. வேலைக்குத் தவித்த ஊர் அது. 1990-ல் ஆப்பிளின் வரி ஆலோசகர்கள் அயர்லாந்து வருவாய்த் துறையோடு பேச உட்கார்ந்தபோது, நேரடியாக 1,000 பேருக்கும் துணை ஒப்பந்தங்கள் வழியாக 500 பேருக்கும் வேலை கொடுக்கிறோம் என்பதை எடுத்துச் சொன்னார்கள். எவ்வளவு லாபத்துக்கு வரி போடலாம் என்று ஒரு தொகையையும் அவர்களே முன்வைத்தார்கள். அந்தத் தொகைக்கு அறிவியல்பூர்வமான அடிப்படை ஏதும் இல்லை என்று ஆலோசகர் அந்தக் கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டது குறிப்பில் பதிவாகியிருக்கிறது. கடைசியில் 1991-ல் வருவாய்த் துறை ஒப்புக்கொண்ட கணக்கு இப்படி: ஆப்பிளின் துணை நிறுவனங்களில் ஒன்றுக்கு, அதன் அயர்லாந்துக் கிளையின் நடைமுறைச் செலவில் குறிப்பிட்ட வரம்பு வரை 65 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம், இதைத்தான் லாபம் என்று வைத்துக்கொள்வது. இன்னொரு நிறுவனத்துக்குச் செலவில் 12.5 சதவீதம். உண்மையில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. இந்த ஏற்பாட்டுக்குக் காலக்கெடுவும் வைக்கவில்லை. 2007-ல் வேறொரு ரூலிங் (ஒரு நிறுவனத்தின் வரியை எப்படிக் கணக்கிடுவது என்று வரித் துறை எழுதிக் கொடுக்கும் உத்தரவு) வரும் வரை அப்படியே ஓடியது, அப்புறம் அந்தப் புதியது 2014 வரை ஓடியது.

இப்போது ஐபோன் வந்த பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பெரும்பகுதி உலகத்தில் விற்ற பொருள்களின் லாபம் 'ஆப்பிள் சேல்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அயர்லாந்து நிறுவனத்தின் கணக்கில் வந்து விழுந்தது. 2011-ல் மட்டும் அதன் லாபம் சுமார் 1,600 கோடி யூரோ. அதில் வெறும் 5 கோடி யூரோவுக்குத்தான் அயர்லாந்தில் வரி விதிக்க முடிந்தது, மீதி எல்லாம் 'தலைமை அலுவலகத்தின்' லாபம் என்று ஒதுக்கப்பட்டது. அந்தத் தலைமை அலுவலகம் எந்த நாட்டிலும் இல்லை. அதற்கு ஊழியர்கள் இல்லை, கட்டடம் இல்லை. அயர்லாந்தின் அன்றைய சட்டப்படி, நிர்வாகம் வெளிநாட்டில் நடந்தால் அது உள்நாட்டு வரி செலுத்துபவர் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, அயர்லாந்தில் பதிவான கம்பெனி என்பதால் அது அமெரிக்க நிறுவனம் இல்லை. ஆக, வரி வசூலிக்க உலகத்தில் யாருக்குமே உரிமை இல்லாத ஒரு இடத்தில் அந்தப் பணம் போய் உட்கார்ந்துகொண்டது. 2013 மே மாதம் அமெரிக்க செனட் விசாரணையில் செனட்டர் கார்ல் லெவின் இதைத்தான் ஆப்பிளின் அன்றைய தலைமை நிர்வாகி டிம் குக்கிடம் துருவிக் கேட்டார்.

அந்த ஏற்பாட்டினால் ஆப்பிள் சேல்ஸ் இன்டர்நேஷனல் கட்டிய வரி 2003-ல் லாபத்தில் 1 சதவீதம், 2014-ல் 0.005 சதவீதம். அதாவது 10 லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ வரி. அதே கார்க் நகரத்தில் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி நடத்தியவர் 12.5 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தார். அவரை யாரும் மேஜைக்கு அழைத்து 'உங்களுக்கு எவ்வளவு கட்டுப்படியாகும்?' என்று கேட்கவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். வரி என்பது எல்லோருக்கும் ஒரே சட்டப்படி விதிக்கப்படுவது, பேரம் பேசி முடிவு செய்வது கிடையாது. பேரத்தில் கிடைத்ததை இழக்கும்போது 'என் உரிமை போச்சு' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் அந்த 'வேறு ஊர் அலுவலகம்'. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்தில் அயர்லாந்து சேர்ந்தது 1973-ல். உறுப்பு நாடுகள் குறிப்பிட்ட நிறுவனங்களுக்கு மட்டும் தனிச்சலுகை காட்டி ஒன்றை ஒன்று கவிழ்க்கக் கூடாது, அப்படி ஏதாவது கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே ஆணையத்திடம் சொல்லி அனுமதி பெற வேண்டும் என்ற விதி 1957 ரோம் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அயர்லாந்து கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட விதி அது. எனவே பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் இதில் வழிப்போக்கர் இல்லை.

கேள்வி: 1,300 கோடி யூரோ அபராதம் என்று செய்திகளில் போட்டார்களே, அவ்வளவு பெரிய அபராதத்துக்கு ஆப்பிள் செய்த குற்றம் என்ன? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அது அபராதம் இல்லை. 2016 ஆகஸ்ட் 30 அன்று ஆணையர் மார்கரெத்தே வெஸ்டாகர் அறிவித்தது, கட்டாமல் விட்ட வரியை அயர்லாந்து வசூலிக்க வேண்டும் என்பதுதான். கட்டியிருக்க வேண்டிய தொகையும் அதற்கான வட்டியும், அதற்கு மேல் ஒரு காசு இல்லை. ஆப்பிள் எந்தக் குற்றமும் செய்ததாகத் தீர்ப்பு சொல்லவில்லை, விதியை மீறியது அயர்லாந்து அரசு. ஆணையம் 2013-ல் முதல்முறை விவரம் கேட்டது, அதிலிருந்து பத்து வருடம்தான் பின்னோக்கிப் போக முடியும். எனவே 1991 முதல் 2003 வரை மிச்சப்படுத்திய வரி முழுவதும் ஆப்பிளிடமே இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் நியாயத்தை எடைபோட வேண்டும்.

கேள்வி: வோடஃபோன் மீது இந்திய அரசு முன்தேதியிட்டு வரி போட்டது அநியாயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆப்பிளிடம் மட்டும் பழைய வரியை வாங்கலாமா? ஆளுக்கு ஒரு நியாயமா? (மதுரை வாசகர்)

பதில்: வோடஃபோன் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். இரண்டும் மேலோட்டமாகப் பார்க்க ஒன்று போலத் தெரியும். உள்ளே போனால் எதிர் எதிர்.

வோடஃபோன் 2007-ல் ஹட்சிசன் எஸ்ஸார் என்ற இந்திய செல்போன் நிறுவனத்தின் பெரும்பங்கைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு. இந்தியச் சொத்துதானே இதன் உள்ளடக்கம், வரி கட்டு என்றது வருமான வரித் துறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரியில் தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான அமர்வு, அன்றைய சட்டப்படி இதற்கு வரி கிடையாது என்று தீர்ப்பளித்தது. அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே வருட பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி சட்டத்தையே திருத்தினார், அந்தத் திருத்தம் 1962 முதல் அமலில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்று சொன்னார். ஐம்பது வருடம் பின்னோக்கி! ஒருவர் ஒரு காரியம் செய்த நாளில் அது சட்டப்படி சரி என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு, தோற்ற தரப்பு விதியைத் திருத்தி எழுதி ஜெயிப்பது எந்த வகையிலும் நியாயம் ஆகாது. கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனத்தையும் இதே திருத்தம் பிடித்தது. 2020-ல் சர்வதேச நடுவர் மன்றங்கள் இரண்டு வழக்கிலும் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னன. கெய்ர்னுக்கு மட்டும் 120 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த முன்தேதி ஏற்பாட்டை நீக்கியது, வசூலித்த சுமார் 8,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆப்பிள் வழக்கில் யாரும் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தவில்லை. தனிச்சலுகை கூடாது என்ற விதி 1991-க்கு முன்பே இருந்தது. கிளை ஈட்டிய லாபத்துக்குக் கிளை வரி கட்ட வேண்டும் என்ற அயர்லாந்துச் சட்டமும் இருந்தது. அந்தச் சட்டத்தை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வேறு மாதிரி அமல்படுத்திய அதிகாரியின் உத்தரவுதான் ரத்தானது. ஆகவே என்னிடம் யாராவது 'இது நியாயமான ரத்தா?' என்று கேட்டால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சலுகை கொடுத்த நாளில் விதி என்னவாக இருந்தது? அன்றைய விதியைக் காட்டித் திரும்பக் கேட்டால் கேட்கலாம், பின்னால் எழுதிய விதியைக் காட்டிக் கேட்டால் கேட்கக் கூடாது, எவ்வளவு பெரிய, எவ்வளவு பிடிக்காத கம்பெனியாக இருந்தாலும் சரி.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஏரிப் புறம்போக்கு என்று தெரியாமல், பட்டா, பத்திரம், கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் வாங்கி வீடு கட்டியவர்களை இடித்து வெளியேற்றினார்கள். அரசு கொடுத்த காகிதத்தை நம்பியது அவர்கள் தப்பா? அப்படிப் பார்த்தால் ஆப்பிள் நம்பியதும் தப்பில்லையே? (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நம்பியவருக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்கிறீர்கள். கண்டிப்பாக வேண்டும். ஐரோப்பியச் சட்டத்திலும் அந்தக் கொள்கை இருக்கிறது, ஆனால் யாருடைய வாக்கை நம்பினீர்கள் என்று கேட்கிறது.

ஜெர்மனியில் 1983-ல் ரைன்லாண்ட்-பாலடினேட் மாநில அரசு, லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த அல்கான் நிறுவனத்தின் அலுமினிய ஆலையைக் காப்பாற்ற 80 லட்சம் மார்க் கொடுத்தது. ஆணையத்தின் அனுமதி இல்லாமல் கொடுத்தது. திரும்ப வாங்கச் சொன்னபோது, நாங்கள் அரசை நம்பித்தானே வாங்கினோம், ஜெர்மன் சட்டப்படி ரத்து செய்யும் கெடுவும் முடிந்துவிட்டது என்று அல்கான் வாதாடியது. 1997-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழில் செய்பவர் விழிப்பாக இருக்க வேண்டும், அரசு பணம் தருகிறது என்றால் ஆணையத்திடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்டுப் பார்ப்பது அவர் வேலை, கேட்காமல் வாங்கிக்கொண்டு நம்பினேன் என்று சொல்ல முடியாது என்றது. ஆப்பிளுக்கு இரண்டாவது ரூலிங் கிடைத்தது 2007-ல், அதாவது இந்தத் தீர்ப்பு வந்து பத்து வருடம் கழித்து. உலகத்தின் மிகச் சிறந்த வரி வழக்கறிஞர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது தெரியாது என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. பெல்ஜியத்தில் பன்னாட்டு நிறுவனங்களின் 'ஒருங்கிணைப்பு மையங்கள்' என்று ஒரு வரிச்சலுகைத் திட்டம் இருந்தது. 1984-ல் ஆணையமே அதைப் பார்த்து, இதில் ஆட்சேபம் இல்லை என்று சொல்லியிருந்தது. பின்னாளில் மனம் மாறி 2003-ல் கூடாது என்றது. 2006-ல் நீதிமன்றம் அந்த நிறுவனங்கள் பக்கம் நின்றது. நீங்களே சரி என்று சொன்னதை நம்பியவர்களை ஒரே நாளில் கைவிட முடியாது, மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்திருக்க வேண்டும் என்று சொன்னது. இதுதான் சரியான கோடு என்று நினைக்கிறேன். அனுமதி கொடுக்க அதிகாரம் உள்ளவர் கொடுத்த வாக்கை நம்பினால் பாதுகாப்பு உண்டு. அதிகாரம் இல்லாதவர் ரகசியமாகக் கொடுத்ததை வைத்துக்கொண்டு பாதுகாப்புக் கேட்க முடியாது.

உங்கள் பகுதி மக்களுக்கு வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒரே ஒரு மனை வாங்கியவர்கள். பழைய 'அ' பதிவேட்டைத் தேடி எடுத்து நிலம் நீர்நிலையா என்று பார்க்க அவர்களுக்கு வழி தெரியாது, வழி தெரிந்தவர்கள்தான் அவர்களிடம் விற்றார்கள். அவர்கள் பேரம் பேசிச் சலுகை வாங்கவில்லை, முழு விலை கொடுத்தார்கள். ஏரி ஏரியாகத் திரும்ப வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடிப்பதற்கு முன்னால் மாற்று இடமும், பட்டா கொடுத்த அதிகாரியிடமும் விற்றவரிடமும் வசூலித்த நஷ்ட ஈடும் அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆப்பிளுக்கு நேர்ந்தது அதுவா? சொன்ன தொகையைக் கட்டிய பிறகும் அவர்கள் வாழ்க்கையில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. ஏமாந்த ஏழைக்காகப் பேச வேண்டிய வாதத்தை, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் பெரிய கம்பெனிக்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஆணையம் சொன்னது அவ்வளவு சரியென்றால் நீதிமன்றத்தில் ஏன் இவ்வளவு வழக்கில் தோற்றது? (கோவை, பட்டயக் கணக்காளர் படிப்பு மாணவர்)

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். எனக்குள்ள தயக்கமும் இங்கேதான்.

ஸ்டார்பக்ஸ்-நெதர்லாந்து வழக்கில் 2015-ல் 2 முதல் 3 கோடி யூரோ வரை வசூலிக்கச் சொன்னார்கள், 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கீழ் நீதிமன்றமான பொது நீதிமன்றம் ரத்து செய்தது. அதே நாளில் முடிவான ஃபியட்-லக்சம்பர்க் வழக்கில் முதலில் ஆணையம் ஜெயித்தது, 2022-ல் மேல் நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. அமேசான்-லக்சம்பர்க் 25 கோடி யூரோ, 2023 டிசம்பரில் இறுதியாகத் தோல்வி. அதே மாதம் எஞ்சி (Engie) என்ற பிரெஞ்சு எரிசக்தி நிறுவனத்தின் வழக்கிலும் தோல்வி. ஆப்பிள் வழக்கிலேயே 2020 ஜூலையில் பொது நீதிமன்றம் ஆப்பிள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பர் 10 அன்றுதான் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, ஆணையத்தின் முடிவை இறுதியாக உறுதிசெய்தது.

தோற்ற வழக்குகள் சிலவற்றில் ஆணையம் செய்த முக்கியமான தவறு, சந்தை விலைக் கொள்கை (ஒரே குழும நிறுவனங்கள் தங்களுக்குள்ளும் வெளியாரிடம் போலவே விலை போட வேண்டும் என்பது) என்ற தன் சொந்த அளவுகோலை நாட்டின் சட்டத்துக்கு மேலே வைத்துப் பார்த்தது. ஃபியட் தீர்ப்பில் நீதிமன்றம் அதை வெளிப்படையாகச் சொன்னது: ஒரு நாட்டின் வரிச்சட்டத்தில் இல்லாத அளவுகோலைக் கொண்டுவந்து அதை மீறினாய் என்று சொல்லக் கூடாது. இது நியாயமான தீர்ப்பு, நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஏனென்றால் மேலே வோடஃபோனுக்குச் சொன்ன அதே காரணம்தான் இங்கேயும்: அன்றைக்கு இருந்த விதியைக் காட்ட வேண்டும். ஆப்பிள் வழக்கில் ஆணையத்தால் காட்ட முடிந்தது. ஊழியரே இல்லாத தலைமை அலுவலகம் காப்புரிமைகளை எப்படி நிர்வகித்திருக்க முடியும், அப்படியானால் அதிலிருந்து வந்த லாபம் வேலை நடந்த அயர்லாந்துக் கிளைகளுக்குத்தானே போக வேண்டும் என்ற வாதம் அயர்லாந்துச் சட்டத்துக்குள்ளேயே நின்றது.

ஆனாலும் ஒரு நிறுவனம் எட்டு வருடம் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் நிற்பது நல்லதல்ல. ஒரு புது வகை விசாரணையைத் தொடங்குவதற்கு முன் தெளிவான எச்சரிக்கை கொடுத்திருக்கலாம். வரிச்சலுகைகளும் அரசு உதவி விதிக்குள் வரும் என்று 1998-லேயே ஆணையம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது, ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து வருடம் தனி ரூலிங்குகள் பக்கம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மௌனத்துக்கு ஆணையமும் பொறுப்பு.

கேள்வி: விதியை மீறிய அயர்லாந்துக்கே கடைசியில் பணம் போய்ச் சேர்ந்தது. தப்பு செய்தவருக்குப் பரிசா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. இந்த வழக்கில் உண்மையான அநியாயம் எங்கே என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

2010-ல் அயர்லாந்து வங்கிகள் சரிந்து, நாடு 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்தின் கீழ் வந்தது. சம்பளம் குறைப்பு, உதவித்தொகை குறைப்பு, இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பினார்கள். அந்த வருடங்களில்தான் ஆப்பிளின் லாபம் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 2016-ல் ஆணையம் சொன்ன தொகை நாட்டின் ஒரு வருட சுகாதார பட்ஜெட்டுக்குச் சமம். அப்படிப்பட்ட பணத்தை வேண்டாம் என்று சொல்லி நிதியமைச்சர் மைக்கேல் நூனன் காலத்து அரசு மேல்முறையீடு செய்தது, நாடாளுமன்றமும் பெரும்பான்மையோடு அதற்கு ஆதரவு கொடுத்தது. எங்கள் வரி அமைப்பின் மேல் முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்பது அவர்கள் காரணம். 2018 முதல் ஆறு வருடம் அந்தப் பணம், வட்டியோடு 1,430 கோடி யூரோ, வழக்கு முடியும் வரை யாரும் தொட முடியாத எஸ்க்ரோ கணக்கில் கிடந்தது. இப்போது அதை வீட்டு வசதி, குடிநீர், மின்கட்டமைப்பு, போக்குவரத்து என்று செலவழிக்கப் போகிறார்கள். அயர்லாந்து மக்களுக்கு அது கிடைப்பதில் எனக்குச் சந்தோஷமே, அவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல.

ஆனால் அந்த ஐபோன்களை வாங்கியவர்கள் ஜெர்மனியில், ஸ்பெயினில், ஆப்பிரிக்காவில், இந்தியாவிலும் இருந்தார்கள். அந்த நாடுகளின் அரசுகள் கேட்டிருந்தால் தொகையில் ஒரு பங்கு அங்கே போயிருக்கலாம் என்று ஆணையமே சொன்னது. பெரிதாக யாரும் கேட்கவில்லை. அமெரிக்கா மட்டும், அந்த லாபம் எங்கள் மண்ணில் நடந்த ஆராய்ச்சியின் பலன், எங்களுக்குரிய வரியில் ஐரோப்பா கை வைக்கிறது என்று சண்டைக்கு வந்தது. 2017 வரிச்சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டில் சேர்த்த லாபத்துக்காக ஆப்பிள் அமெரிக்காவுக்குச் சுமார் 3,800 கோடி டாலர் கட்டுவதாக அறிவித்தது. எனவே அவர்கள் பங்கு அவர்களுக்குப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். நடுவில் விடுபட்டவை ஏழை நாடுகள்தான்.

கேள்வி: இப்படி எல்லாம் பண்ணினால் கம்பெனிகள் ஓடிவிடாதா? (ஸ்ரீபெரும்புதூர் வாசகர்)

பதில்: ஓடவில்லை. ஆப்பிள் இன்றும் கார்க் நகரத்தில் இருக்கிறது, அயர்லாந்து முழுவதும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுக்கிறது. 75 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி என்ற சர்வதேச ஏற்பாட்டை அயர்லாந்து 2024 முதல் அமல்படுத்துகிறது, அதற்கும் யாரும் பெட்டி கட்டவில்லை. படித்த ஆள், ஆங்கிலம், ஐரோப்பியச் சந்தைக்குள் இடம், நம்பக்கூடிய நீதிமன்றம் இவைதான் நிறுவனத்தை நிறுத்திவைக்கின்றன.

கேள்வி: இந்த ரகசிய ரூலிங்குகள் எல்லாம் எப்படி வெளியே வந்தன? வெளியே கொண்டுவந்தவர்கள் என்ன ஆனார்கள்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ஆப்பிள் விவகாரம் அமெரிக்க செனட் வழியாக வந்தது. லக்சம்பர்க் விவகாரம் வந்தது இரண்டு சாதாரண ஊழியர்களால். பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்ற தணிக்கை, வரி ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்த அன்டுவான் டெல்டூர், ரஃபாயேல் அலே இருவரும் கொடுத்த ஆவணங்கள் ஊடகங்கள் வழியாக வெளியே வந்தன. 2014 நவம்பரில் அவை பெரிய அளவில் வெளியாகி உலகமே பேசியது. நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு லக்சம்பர்க் கொடுத்த ரூலிங்குகள் அவற்றில் இருந்தன. அந்த ரூலிங்குகள் வந்த பெரும்பாலான வருடங்கள் லக்சம்பர்க்கின் பிரதமராக இருந்த ஜான்-குளோட் யுங்கர், ஆவணங்கள் வெளியானபோது ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக அப்போதுதான் பதவி ஏற்றிருந்தார்.

கொடுத்த அரசின் மேல் குற்ற வழக்கு இல்லை, வாங்கிய கம்பெனிகளில் பல நீதிமன்றத்தில் ஜெயித்தன, ஆனால் உண்மையைச் சொன்ன இருவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். டெல்டூர் மீதான தண்டனையை 2018-ல் லக்சம்பர்க்கின் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அலேவுக்கு விதித்த 1,000 யூரோ அபராதம் நின்றது, அவர் விடாமல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2023 பிப்ரவரியில்தான் தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்பு வாங்கினார். 2017 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தங்கள் வரி ரூலிங்குகளை ஒன்றுக்கொன்று தானாகவே தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்ததற்கு இவர்கள் இருவரும் ஒரு காரணம். அதுவும் அரசுகளுக்குள்ளேதான் சுற்றுகிறது, பொதுமக்கள் பார்க்க முடியாது. பார்க்க முடிய வேண்டும். எந்த நிறுவனத்துக்கு எந்தக் கணக்கில் சலுகை என்று வெளிப்படையாகப் போட்டிருந்தால் 1991-லேயே யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள், இவ்வளவு வருட பாக்கி சேர்ந்திருக்காது, நம்பினேன் என்று யாரும் அழவும் வேண்டியிருக்காது.

கேள்வி: நான் சிறிய உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். மாநில அரசு அறிவித்த சலுகையை நம்பிக் கடன் வாங்கி விரிவாக்கினேன். இப்போது அது இல்லை என்கிறார்கள். ஆப்பிளுக்குச் சொன்ன பதில்தான் எனக்குமா? (ஓசூர் வாசகர்)

பதில்: இல்லை, உங்கள் நிலை வேறு. இந்தியாவில் உங்களுக்குத் துணையாக ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. 1960-களின் கடைசியில் உத்தரப் பிரதேச அரசு, புதிதாகத் தொடங்கும் ஆலைகளுக்கு மூன்று வருடம் விற்பனை வரி விலக்கு என்று அறிவித்தது. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை நிறுவனம் வனஸ்பதி ஆலை போட முன்வந்தது, தலைமைச் செயலாளரே கடிதம் கொடுத்து உறுதி சொன்னார், அதை நம்பிக் கடன் வாங்கி ஆலையைக் கட்டினார்கள். பிறகு அரசு பின்வாங்கியது. 1978 டிசம்பரில் நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அரசு வாக்குக் கொடுத்து, ஒருவர் அதை நம்பிச் செயல்பட்டு தன் நிலையை மாற்றிக்கொண்டால் அரசு அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டது என்று சொன்னது. அதே தீர்ப்பு ஒரு வரம்பையும் வைத்தது: சட்டத்துக்கு எதிரான வாக்கை நிறைவேற்றச் சொல்லி யாரும் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்குச் சொன்ன சலுகை தகுதியுள்ள எல்லோருக்கும் பொதுவான அரசாணையாக வந்ததா, அல்லது ஒரு அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதா என்பதை. அரசாணை என்றால் அதன் எண், தேதி, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வெளியானது, நிபந்தனைகள் என்ன, எப்போது திரும்பப் பெற்றார்கள், நீங்கள் கடன் வாங்கிய தேதி அதற்கு முன்னா பின்னா, இயந்திரம் வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்குங்கள். மாவட்டத் தொழில் மையத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், தாமதம் வேண்டாம், ஏனென்றால் இது போன்ற மனுக்களில் ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தாய் என்பதுதான் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி.